இயக்கத் தடுப்பி மென்பொருள் மாற்றம்

இயக்கத் தடுப்பி மென்பொருள் மாற்றம் என்பது, மகிழுந்துகளில் உள்ள இம்மொபிலைசர் எனப்படும் திருட்டுத் தடுப்பு அமைப்பின் மென்பொருளையோ தரவையோ திருத்துதல், செயலிழக்கச் செய்தல் அல்லது அதில் புதிய சாவியைப் பதிதல் ஆகும். இதனைச் சாவி செய்பவரும் செய்வர், திருடரும் செய்வர். கருவியும் பெரும்பாலும் ஒன்றே.

செயற்படும் முறை

சாவியின் தலைப்பகுதியில் மின்கலம் தேவைப்படாத சிறு சில்லு ஒன்று உள்ளது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்னாற்றல் அளித்து ஒரு வினாவை அனுப்பும். சில்லு தன் மறையெண்ணைக் கொண்டு சரியான விடையைக் கணித்தால் மட்டுமே இயந்திரம் இயங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மகிழுந்துகளுக்கு இது 1998 முதல் கட்டாயம். சாவிகள் அனைத்தும் தொலைந்தாலோ, பழுதான கட்டுப்பாட்டகத்திற்குப் பதிலாக வேறு வண்டியின் கட்டுப்பாட்டகம் பொருத்தப்பட்டாலோ, உரிமையாளரும் தம் வண்டியை இயக்க இயலாது.

மெகாமோசு வழக்கு

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஃபிளாவியோ கார்சியாவும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவரும், ஃபோக்ஸ்வேகன் உள்ளிட்ட பல நிறுவனங்கள் பயன்படுத்திய மெகாமோசு கிரிப்டோ சில்லின் குறைகளைக் கண்டறிந்தனர். அதன் மறையெண் 96 பிட் நீளமுடையது. ஆயினும் குறுக்குவழிகள் இருந்தன. சில்லு உற்பத்தியாளருக்கு 2012லேயே அறிவித்தபின், 2013 ஆகத்தில் கட்டுரையை வெளியிட எண்ணினர். ஃபோக்ஸ்வேகன் வழக்குத் தொடர, இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 2013 சூனில் இடைக்காலத் தடை விதித்தது. கல்விச் சுதந்திரம் மதிப்புடையதே, எனினும் இலட்சக்கணக்கான வண்டிகளின் பாதுகாப்பும் மதிப்புடையது என நீதிபதி கருதினார். ஆய்வாளர்கள் நெறிமுறையை அறிந்துகொண்ட சாவிப் பதிவு மென்பொருளோ 2009 முதலே இணையத்தில் கிடைத்து வந்தது. எனவே தடையால் காக்கப்பட்டது வண்டியா, நிறுவனத்தின் பெயரா என்னும் வினா எழுந்தது நியாயமே. ஒரேயொரு வாக்கியம் நீக்கப்பட்டு 2015ல் கட்டுரை வெளிவந்தது.

சட்டமும் அறமும்

ஐக்கிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருட் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. பழுதுநீக்கல், சட்டத்திற்குட்பட்ட மாற்றம் ஆகியவற்றுக்காக வாகன மென்பொருளுக்கு 2015ல் விலக்களிக்கப்பட்டது. முதலில் அது உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தியது; தம் வண்டியின் நிரலைத் தாமே திருத்தவல்ல உரிமையாளர் எத்தனை பேர்? 2018ல் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

புதிய சாவி பதிதலும் தடுப்பியை முற்றிலும் நீக்குதலும் அறநோக்கில் ஒன்றல்ல. பின்னதில் காவலாக எஞ்சுவது இயந்திரப் பூட்டு மட்டுமே. அதனை மறைத்து வண்டியை விற்றால், ஏமாறுபவர் அடுத்த உரிமையாளர். காப்பீட்டாளரிடம் மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.