ஒரு வெள்ளியில் எழுந்த துறை



பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். மகிழ்ச்சியோடு வந்தவர் விடைபெறும் நேரத்தில் தயங்கி நின்றார். "ஐயா, அங்கே எனக்கு யாரையும் தெரியாதே" என்றார். அது என்னுடைய பழைய அச்சமும்கூட. அவருக்கு அன்று நான் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தோட்டம்?

1987ஆம் ஆண்டு, பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டேன். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் நாள்களில் விரிவுரை மண்டபங்களின் பரப்பே என்னை மருட்டியது. விடுதி அறைத் தோழர் கிளந்தானைச் சேர்ந்த மலாய் இளைஞர். நல்லவர். ஆனால், அவர் பேசும் வட்டார மலாய் எனக்குப் பிடிபடவில்லை. என் பேச்சு அவருக்கும் அவ்வாறே. உணவகத்தில் தனியே அமர்ந்து உண்டேன்.

துறைக்குச் சென்ற முதல் நாளில் மூத்த மாணவி ஒருவர் என்னை நிறுத்தினார். பெயரைக் கேட்கவில்லை. "தம்பி, எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்டார். சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் தம் சித்தி இருப்பதாகக் கூறினார். மாலைக்குள் என் கையில் அவருடைய பழைய பாடக்குறிப்புகள் இருந்தன. உணவகத்தில் எனக்கென ஓர் இருக்கை இருந்தது. தமிழ்ப் பேரவையில் செய்வதற்கு ஒரு பணியும் இருந்தது. அவ்வாண்டில்தான் ஆறாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மூத்த மாணவர்கள் கூடிய இடமெல்லாம் அதே பேச்சு. தனிநாயகம் அடிகள் என்னும் பெயர் அந்நாள்களில்தான் என் நெஞ்சில் பதிந்தது.

இந்த உறவெல்லாம் தானாக அமைந்தது என்றே அப்போது எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

தாத்தா சொன்ன சொல்

நான் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட நாளில், எங்கள் வரிசை வீட்டில் குடியிருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்தார். பால் மரம் சீவியே வாழ்நாளைக் கழித்தவர். "தமிழ் படிக்கவா போற தம்பி? போ, போ. அந்த எடத்துக்கு நானும் ஒரு வெள்ளி குடுத்திருக்கேன்" என்றார். முதுமையில் ஏதோ சொல்கிறார் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் ஆண்டில், துறையின் வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தபோதுதான் அச்சொல்லின் பொருள் விளங்கிற்று.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபர் 8இல் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்தே பல்கலைக்கழகமாயின. அங்கு இந்திய ஆய்வியலுக்கெனத் தனித்துறை காணும் திட்டம் 1950களில் உருவானது. அத்துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்பதே பெருஞ்சிக்கலாயிற்று. அறிவுரை வழங்கிய வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழிக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய பேரறிஞர் அவர். இந்தியா முழுமையையும் ஆராயும் துறைக்கு வடமொழி இன்றியமையாதது என்னும் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

எனினும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் தமிழர். அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கும்போது அங்கே அவர்தம் தாய்மொழி இல்லையெனில் அத்துறை யாருக்காக?

இக்கேள்வியை மக்கள்முன் வைத்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூருக்கு வந்து, 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர் அவர். தமிழே முதன்மை மொழியாக வேண்டும் என்று எழுதினார், பேசினார். அத்துடன் நின்றாரில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்களை வாங்கித் தருவதற்காக மக்கள் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். கொடுத்தவர்களுள் பலர் பல்கலைக்கழகத்தைக் கண்ணால் கண்டவர்கூட அல்லர். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றபோது தமிழே அங்கு இடம்பெற்றது.

எங்கள் தோட்டத்துத் தாத்தா கொடுத்த ஒரு வெள்ளி அந்த நிதிக்குத்தான். அக்காலத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி சிறு தொகையன்று. இதை அறிந்துகொண்டு விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது அவர் காலமாகியிருந்தார். அன்று சிரித்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

பத்தே ஆண்டுகளில்

பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாயிற்று. 1962 முதல் அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. இதற்கிடையே, 1961இல் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் துறவியார் தனிநாயகம் அடிகள் துறைக்குத் தலைமையேற்க வந்தார். 1964இல் புது டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றவர் அவரே. அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது.

எண்ணிப் பாருங்கள். மொழிக்கு இடம் உண்டா என்னும் ஐயத்தோடு தொடங்கிய ஒரு துறை, பத்தே ஆண்டுகளில் உலகத் தமிழறிஞர்களை வரவேற்கும் நிலைக்கு உயர்ந்தது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு சென்னையிலோ மதுரையிலோ நடைபெறவில்லை. நம் நாட்டில் நடைபெற்றது. இரண்டாவது மாநாடே 1968இல் சென்னைக்குச் சென்றது.

1969இல் இராம சுப்பையா அவர்கள் தொகுத்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களின் பட்டியலும் அப்பல்கலைக்கழக நூலகத்தின் வழியே வெளிவந்தது. நம்மவர் இங்கே எழுதியவற்றையும் நூல்களாக மதித்து எண்ணி வைத்த முயற்சி அது.

மாணவருக்குக் கூறிய விடை

என் மாணவரிடம் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். "அங்கே யாரையும் தெரியாது என்கிறாய். ஆனால், உன்னை எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நீ பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, உனக்காக நூலக அடுக்கில் நூல் வைக்கக் காசு கொடுத்தவர்கள் அவர்கள்" என்றேன். தமிழரோடு மட்டும் பழகு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிளந்தான் தோழர்தாம் என் மலாய்க் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தவர். இன்றளவும் நோன்புப் பெருநாளுக்கு என்னை அழைப்பவர். தனக்கென ஓர் இடம் உண்டு என்னும் உறுதி பெற்றவனே பிறரோடும் தயக்கமின்றிப் பழகுவான்.

இன்று எங்கள் தோட்டம் இல்லை. செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் அவ்விடத்தைக் கொண்டுவிட்டன. "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் இன்றைய இளையோருக்கு விளங்காது. ஆகவே அவருக்கு ஒரு பணியைக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு துறை வாயிலில் தயங்கி நிற்கும் ஒரு புதிய முகத்தைக் கண்டால், "எந்த ஊர், தம்பி?" என்று முதலில் அவர் கேட்க வேண்டும். தாத்தாவின் ஒரு வெள்ளியை நாம் திருப்பிக் கொடுக்கும் வழி அதுவே.