மூன்றரை

1940 டிசம்பர் 8. வாஷிங்டன் நகரின் கிரிஃபித் மைதானத்தில் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி. மூன்று வாரங்களுக்கு முன்னால்தான் இதே மைதானத்தில் இதே சிகாகோ பேர்ஸ் அணியை வாஷிங்டன் 7-3 என்று வென்றிருந்தது. வென்றதோடு விட்டிருக்கலாம். வாஷிங்டன் அணியின் முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், சிகாகோக்காரர்கள் அழுமூஞ்சிகள் என்று பத்திரிகைகளிடம் வாய்விட்டார். சிகாகோ பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் அந்தச் செய்திகளைக் கத்தரித்து, வீரர்கள் உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டிவைத்தார்.

ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் சிகாகோவின் முதல் டச் டவுன். அப்புறம் நிற்கவே இல்லை, மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு டச் டவுனுக்குப் பிறகும் கூடுதலாக ஒரு புள்ளிக்குப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார்கள். அது பார்வையாளர் கூட்டத்தில் போய் விழும். விழுந்த பந்தைக் கூட்டம் திருப்பித் தரவில்லை. பந்து தீர்ந்துபோகும் நிலை வந்ததும், இனி உதைக்க வேண்டாம், ஓடியோ எறிந்தோ அந்தப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. முடிவு 73-0. அந்த லீகில் அதைவிடப் பெரிய தோல்வி இன்றுவரை இல்லை.

பந்தயப் பணம் வாங்கும் அன்றைய அமெரிக்கப் புக்கிகளுக்கு இப்படிப்பட்ட ஒருதலை ஆட்டங்கள் தீராத தலைவலி. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யார் ஜெயிப்பார்? சமபலமுள்ள இரு அணிகள் மோதினால் வியாபாரம் கொழிக்கும். பெரிய கல்லூரி அணி ஒன்று சின்னக் கல்லூரியோடு மோதும் சனிக்கிழமைகளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பலசாலி மேல் பத்து டாலர் கட்டினால் ஒரு டாலர் லாபம் என்றால் எவன் கட்டுவான்? நோஞ்சான் மேல் கட்டவும் ஆள் வராது. அத்தகைய ஆட்டங்களைப் பலகையிலேயே எழுதாமல் விட்டார்கள். குதிரைப் பந்தயத்தில் வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை கட்டிச் சமன்செய்வது ரொம்பப் பழைய வழக்கம். பதினோரு ஆட்களின் முதுகில் எதைக் கட்டுவது?

அதற்கு விடை சொன்னவர் என்று பரவலாகச் சொல்லப்படும் மனிதர் சிகாகோவில் இருந்தார். பெயர் சார்லஸ் மெக்நீல். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, வங்கியில் பங்குப் பத்திரங்களை அலசும் வேலைக்கு வந்தவர். பத்திரங்களை எடைபோட்ட அதே மூளையால் அணிகளையும் எடைபோட்டார். இன்ன அணி இன்ன அணியை எத்தனை புள்ளியில் வெல்லும் என்று தனக்குத்தானே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்துப் பந்தயம் கட்டினார். ஜெயித்தார். ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில், இத்தனை டாலருக்கு மேல் உங்கள் பணத்தை வாங்க மாட்டோம் என்று புக்கிகள் கையை விரித்துவிட்டார்கள்.

பணம் கட்ட விடவில்லையென்றால் பணம் வாங்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவது என்று மெக்நீல் முடிவுசெய்தார். 1940களின் தொடக்கத்தில் சொந்தமாகக் கடை திறந்தார். அங்கே கேள்வியே வேறு: எத்தனை புள்ளியில்? சிகாகோவுக்கு 10 என்று பலகையில் எழுதியிருந்தால், சிகாகோ மேல் பணம் கட்டியவனுக்கு அந்த அணி 10 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். எதிரணி மேல் கட்டியவனுக்கு அது ஜெயிக்கவே வேண்டாம், 10 புள்ளிக்குள் தோற்றால் போதும். தோற்ற அணியின் ஆதரவாளன் பணத்தோடு வீட்டுக்குப் போகும் அதிசயம் அன்றுதான் நடந்தது. நோஞ்சானுக்கும் விலை வந்தது, எல்லா ஆட்டமும் பலகைக்கு வந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு கென்டக்கி மாநிலத்து எட் கர்ட் முதலான வேறு சிலரின் பெயர்களும் அடிபடுவதுண்டு. சட்டவிரோதத் தொழிலில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? மெக்நீல் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. 1950வாக்கில் கடையை மூடிவிட்டார். நிழல் உலகத்தார் கூட்டுச் சேர வந்ததுதான் காரணம் என்பார்கள். அவர்கள் வந்ததில் வியப்பில்லை. அந்தச் சிறு எண்ணுக்குள் ஒரு பொறி இருப்பதை அவர்கள் அதற்கு முன்பே மோப்பம் பிடித்திருந்தார்கள்.

1946 டிசம்பர் 15. நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் இறுதிப் போட்டி. பலகையில் சிகாகோவுக்கு 10 புள்ளி. நியூயார்க் சூதாடி ஆல்வின் பாரிஸ், ஜயன்ட்ஸ் வீரர்கள் ஃபிராங்க் ஃபில்சாக், மெர்ல் ஹேப்ஸ் இருவரையும் அணுகினான். ஆளுக்கு 2,500 டாலர், மேற்கொண்டு 1,000 டாலர் பந்தயம். அவன் கேட்டது வெறும் தோல்வி அல்ல, 10 புள்ளிக்கு மேல் தோல்வி. இருவரும் பணத்தைத் தொடவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. ஆனால் பாரிஸின் தொலைபேசியைப் போலீஸ் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் மேயர் காதுக்கும், அங்கிருந்து லீகின் ஆணையர் பெர்ட் பெல் காதுக்கும் போயிற்று. விசாரித்ததில் ஹேப்ஸ் உண்மையைச் சொன்னார், அவரை ஆட விடவில்லை. ஃபில்சாக் எனக்கு எதுவும் தெரியாது என்றார், அவர் ஆடினார். மூக்கு உடைந்து ரத்தம் வழிய, அணியின் இரண்டு டச் டவுன்களுக்கும் பந்தை எறிந்தது அவர்தான். எதிரணியிடம் ஆறு முறை பந்தைப் பறிகொடுத்ததும் அவர்தான். ஸ்கோர் 24-14. வித்தியாசம் சொல்லிவைத்தாற்போல் 10. அத்தனை பாடுபட்டு வலைவீசியும், 10 என்ற எண்ணில் பணம் கட்டியவனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பிறகு வழக்கு மன்றத்தில் தன்னிடமும் பேரம் பேசப்பட்டதை ஃபில்சாக் ஒப்புக்கொண்டார். உண்மை சொன்னவர், மறைத்தவர் என்ற பாகுபாடே இல்லாமல் இருவரையும் காலவரையின்றி நீக்கினார் பெல். கூடவே 1947 முதல் இன்னொரு காரியமும் செய்தார். யாருக்குக் காயம், யார் ஆடுவது சந்தேகம் என்பதை அணிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றார். ரகசியத்துக்கு விலை இருக்கும்வரை அதை விற்பவனும் இருப்பான் என்பது அவர் கணக்கு.

அவர் அடைத்தது ஓர் ஓட்டையைத்தான். ஓர் அணியைத் தோற்கச் சொல்லி விலைபேசுவது கஷ்டம், மனசாட்சி உறுத்தும். புதிய எண் வந்தபிறகு தோற்கவே தேவையில்லை. ஜெயித்துக்கொள், கொஞ்சம் குறைவாக ஜெயி என்றாலே போதும். பாஸ்கெட்பாலுக்கும் இந்த முறை பரவியபோது கல்லூரிப் பையன்கள் பலர் இதில் விழுந்தார்கள். 1950இல் ஒரே பருவத்தில் இரண்டு தேசியப் பட்டங்களை வென்று நியூயார்க்கே கொண்டாடிய சிட்டி காலேஜ் அணியின் வீரர்களை மறு ஆண்டே போலீஸ் கைதுசெய்தது. ஏழு கல்லூரிகள், 32 வீரர்கள். அதே 1951இல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பத்து சதவீத வரி போட்டது மத்திய அரசு. அந்த எண்ணின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதற்குக் காரணம் மினியாபொலிஸ் நகரத்தில் இருந்த ஓர் அலுவலகம். லியோ ஹிர்ஷ்ஃபீல்டு என்பவர் பந்தயம் வாங்கவே மாட்டார், எண்ணை மட்டும் விற்பார். நாடெங்கும் உள்ள புக்கிகள் சந்தா கட்டி அவரிடம் அதை வாங்கினார்கள். ‘கிரீன் ஷீட்’ என்ற வாராந்தரத் தாளும் அவர் வெளியீடுதான்.

புக்கிகளின் கூலிமுறையும் இந்தக் காலத்தில்தான் மாறியது. ஆரம்பத்தில் இரட்டை எண் போடுவார்கள். 6-8 என்று எழுதியிருந்தால் பலசாலி மேல் கட்டியவன் 8 கொடுக்க வேண்டும், நோஞ்சான் மேல் கட்டியவனுக்கு 6தான் கிடைக்கும். வித்தியாசம் 7 ஆக முடிந்தால் இருவர் பணமும் கடைக்கு. இந்தப் பகல் கொள்ளையைக் கொஞ்சம் நாகரிகமாக்கி, எண் ஒன்றே, 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். இரு பக்கமும் சமமாகப் பணம் விழுந்தால், எவன் ஜெயித்தாலும் கடைக்குப் பத்து டாலர். ஒரே ஒரு குறை. வித்தியாசம் அந்த எண்ணிலேயே வந்து நின்றால் பணத்தை எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூலி கிடையாது. அதற்கு மருந்தாக, அமெரிக்கக் கால்பந்தில் யாராலும் எடுக்கவே முடியாத ஒன்றைப் பலகையில் எழுதினார்கள்: அரைப் புள்ளி.

1958 டிசம்பர் 28. யாங்கி ஸ்டேடியம். பால்டிமோர் கோல்ட்ஸுக்கு மூன்றரை புள்ளி. ஆட்டம் முடிய ஏழு வினாடி இருக்கையில் ஸ்டீவ் மைரா உதைத்த ஃபீல்டு கோல் ஸ்கோரை 17-17 ஆக்கியது. இறுதிப் போட்டி ஒன்று கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. யார் முதலில் புள்ளி எடுத்தாலும் கோப்பை அவருக்கு. பால்டிமோர் எட்டாவது கெஜம்வரை வந்துவிட்ட நேரத்தில் நாடு முழுக்கத் தொலைக்காட்சிப் படம் அணைந்தது. எங்கோ ஒரு கேபிள் கழன்றிருந்தது. அந்நேரம் பார்த்து ஓர் ஆசாமி மைதானத்துக்குள் ஓடினான், ஆட்டம் நின்றது, அதற்குள் படம் திரும்பியது. ஓடியவன் தொலைக்காட்சிக் கம்பெனியின் ஊழியன் என்று பின்னால் தெரிந்தது.

எட்டு கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தால் மூன்று புள்ளி, கோப்பை. ஆனால் பால்டிமோர் மேல் கட்டியவர்களுக்கு மூன்று போதாது, அரை குறையும். ஜானி யூனிடஸ் உதைக்க விடாமல் ஓரமாகப் பந்தை எறிந்தார், ஆபத்தான எறி. அடுத்து ஆலன் அமீச்சி பந்தோடு பாய்ந்தார், டச் டவுன். 23-17. பால்டிமோர் முதலாளியே பெரும் பந்தயம் கட்டியிருந்தார், அதனால்தான் உதைக்கவில்லை என்ற வதந்தி அன்று கிளம்பியது. நிரூபணம் எதுவும் இல்லை. மைரா அந்தப் பருவத்தில் உதைத்த ஃபீல்டு கோல்களில் பாதிக்கு மேல் குறி தவறியவை என்பதே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது. ஆனால் கோடிப் பேர் பார்த்த ஆட்டத்தில் எல்லோரும் விவாதித்தது கோப்பையை மட்டுமல்ல, அந்த அரைப் புள்ளியையும்தான். அது இனி புக்கிகளின் ரகசியம் இல்லை.

1961இல் மாநில எல்லை தாண்டிப் பந்தயத் தகவலைத் தந்தியிலோ தொலைபேசியிலோ அனுப்புவது குற்றமானது. மினியாபொலிஸ் கடை மூடப்பட்டது. எண்ணைத் தயாரிக்கும் தொழில் லாஸ் வேகஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் அந்தப் பத்து சதவீத வரி காத்திருந்தது. இரண்டு பேர் ஆளுக்கு 110 கட்டினால் கடைக்கு மிஞ்சுவது 10 டாலர், வரியோ 22 டாலர். முழுக் கணக்குக் காட்டியவன் பிழைக்க வழியே இல்லை. 1974இல் வரி இரண்டு சதவீதமாகக் குறைந்தபிறகுதான் பெரிய சூதாட்ட விடுதிகள் இதில் இறங்கின. 1976இல் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஜிம்மி ‘தி கிரீக்’ ஸ்னைடர் என்ற வேகஸ் ஆசாமியை ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் உட்காரவைத்தது. பந்தயம் என்ற பேச்சை எடுக்கக் கூடாது. அவர் எதிர்பார்க்கும் ஸ்கோரைச் சொல்வார். கழிக்கத் தெரிந்தவன் கழித்துக்கொள்வான்.

எல்லாம் கூடிவந்த வேளையில் 1979 ஜனவரி 21 வந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கும் டாலஸ் கௌபாய்ஸுக்கும் மயாமியில் சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டி. வேகஸ் பலகையில் முதலில் பிட்ஸ்பர்க்குக்கு மூன்றரை. பணம் பிட்ஸ்பர்க் பக்கம் குவிந்தது. சமன்செய்ய எண்ணை நான்கரைக்கு ஏற்றினார்கள். உடனே டாலஸ் பக்கம் குவிந்தது. தராசு நேராகிவிட்டது என்று கடைகள் நிம்மதியடைந்தன.

மூன்றாம் கால்பகுதியில் டாலஸ் வீரர் ஜாக்கி ஸ்மித், சுற்றிலும் யாருமே இல்லாத இடத்தில் நெஞ்சுக்கு வந்த பந்தை நழுவவிட்டார். டச் டவுன் போய் ஃபீல்டு கோலோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. நான்கு புள்ளி நஷ்டம். கடைசிப் பகுதியில் பிட்ஸ்பர்க் 35-17 என்று ஓடிவிட்டது. அரங்கில் பாதிப் பேர் கிளம்பும் மனநிலையில் இருந்தபோது டாலஸ் ஒரு டச் டவுன் போட்டது. முடிய 22 வினாடி இருக்கையில் இன்னொன்று. பின் அந்தக் கூடுதல் ஒரு புள்ளிக்கு உதைத்தார்கள். கோப்பைக்கு அந்த உதையால் எந்தப் பயனும் இல்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, 35-31.

வித்தியாசம் நான்கு. மூன்றரையில் பிட்ஸ்பர்க் மேல் கட்டியவன் ஜெயித்தான். நான்கரையில் டாலஸ் மேல் கட்டியவனும் ஜெயித்தான். நான்கில் கட்டியவனுக்குப் பணம் வாபஸ். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் லாபம் என்று நாற்பது வருடமாய்ச் செதுக்கிய இயந்திரம், இரு பக்கத்துக்கும் பணம் கொடுத்தது. வேகஸ்காரர்கள் அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்பார்கள்.

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை ரத்துசெய்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வரும் முன்னோட்டக் கட்டுரைகளின் தலையில் அணிப் பெயருக்குப் பக்கத்தில் −3½ என்றோ +7 என்றோ ஒரு குட்டி எண் கூச்சமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது யார் ஜெயிப்பார் என்ற ஜோசியம் என்றே பலரும் வாசிக்கிறார்கள். பணத்தை இரண்டாகப் பிரிக்க மெக்நீலின் வழிவந்தவர்கள் போடும் கோடுதான் அது. பக்கத்திலேயே −110 என்று இருக்கும், பழைய பத்து டாலர் கூலி. கீழே யாருக்கு முழங்கால் வலி, யார் ஆடுவது சந்தேகம் என்ற பட்டியல், ஃபில்சாக் கதையிலிருந்து வந்தது. மூன்றைச் சுற்றியே எண்கள் மொய்ப்பதும் தற்செயல் அல்ல. ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி என்பதால் ஏறத்தாழ ஏழில் ஓர் ஆட்டம் அந்த வித்தியாசத்தில்தான் முடிகிறது. மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவிலுள்ள அரைப் புள்ளியைத் தனி விலைக்கே விற்கிறார்கள்.

2003இல் லாஸ் வேகஸின் சுற்றுலா விளம்பரம்கூடச் சூப்பர் பௌல் ஒளிபரப்பில் வரக்கூடாது என்று மறுத்த லீக், 2021இல் மூன்று பந்தய நிறுவனங்களை அதிகாரபூர்வக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌலையே வேகஸில் நடத்தியது. பலகை சான் ஃபிரான்சிஸ்கோவைச் சற்றே பலசாலி என்றது. கான்சஸ் சிட்டி கூடுதல் நேரத்தில் ஜெயித்தது, மூன்று புள்ளி வித்தியாசத்தில்.