கத்திக்கு எல்லாக் கோடும் கோடுதான்

பாரிஸின் லாச்சப்பல் பகுதிக் கடைப் பெயர்ப்பலகைகளில் வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்துகளும் உண்டு. வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புமுன், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் வெளிக்கோடுகளைக் கணினியில் ஒன்றாக்கிவிட வேண்டும். திரையில் கறுப்பின்மேல் கறுப்பு விழுந்தால் தெரியாது. கத்தியோ உள்ளே மறைந்த கோட்டிலும் ஓடும்; எழுத்து துண்டு துண்டாகக் கழன்று வரும்.

இதற்கு அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் நல்லதா, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் நல்லதா? முன்னது 1987இல் வந்தது, இப்போது சந்தா கட்டி எடுப்பது. பின்னது 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. இரண்டிலும் வளைவுகளுக்கு அடிப்படை பெசியே கோடுதான். பாரிஸில் பிறந்த பியேர் பெசியே ரெனோ கார்களின் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திய கணக்கு அது. சித்ரோயனில் போல் து கஸ்தெல்ஜோ 1959இலேயே அதைக் கண்டிருந்தார்; நிறுவனம் வெளியே விடாததால் பெயர் மற்றவருக்குப் போயிற்று.

சோதனைக்குப் பாரிஸ் புறநகரான 'பொபினி'யின் பெயரையே தட்டிப் பார்க்கலாம். கொம்பு, கால், மேல்விலங்கு எல்லாம் அதில் இருக்கின்றன. இங்க்ஸ்கேப்பில் கொம்பு தானாக பகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரிலோ பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கொம்பு இடம் மாறி நிற்கும். அதைக் கவனிக்காமல் எழுத்தை வெளிக்கோடாக மாற்றிவிட்டால், பிறகு எந்த இணைப்பும் அதைத் திருத்தாது. தமிழைப் பொறுத்தமட்டில் எனக்கு இதுவே பெரிய வேறுபாடு.

ஒன்றாக்கும் கட்டளை இல்லஸ்ட்ரேட்டரில் 'யுனைட்', இங்க்ஸ்கேப்பில் 'யூனியன்'. வேலை ஒன்றே, நிறத்தில்தான் முரண்: முன்னதில் மேலே கிடக்கும் வடிவத்தின் நிறம் நிலைக்கும், பின்னதில் அடியில் கிடப்பதன் நிறம். இங்க்ஸ்கேப்பில் பக்கத்திலேயே 'கம்பைன்' என்றொரு கட்டளை இருக்கிறது, புதியவர்களுக்குப் பொறி. அது வடிவங்களை ஒரு பொருளாகக் கட்டும், உள்ளே வெட்டிக்கொள்ளும் கோடுகளை அப்படியே விட்டுவிடும். இரண்டு மென்பொருளிலும் நிறத்தை மறைத்துக் கோட்டை மட்டும் காட்டும் பார்வை உண்டு. அதைப் போட்டுப் பார்க்காமல் கோப்பை அனுப்பக் கூடாது.

சில பகுதிகளைச் சேர்த்து, சிலதை நீக்க வேண்டுமென்றால் ஷேப் பில்டர் வேண்டும். மவுஸை இழுத்த இடமெல்லாம் இணையும். இல்லஸ்ட்ரேட்டரில் இது 2010இலேயே வந்துவிட்டது. இங்க்ஸ்கேப் பயனர்கள் 2023 வரை காத்திருந்தார்கள். கை ஓட்டத்தில் இன்னும் இல்லஸ்ட்ரேட்டர்தான் மேல் என்பேன்.

கலியாண அட்டை போன்ற அச்சு வேலையிலும் அதற்கே வெற்றி. நான்கு வண்ண மைக்கு ஏற்ற கோப்பை நேரடியாகத் தரும் வசதி இங்க்ஸ்கேப்பில் குறைவு. வினைலுக்கு நிறம் சுருளிலேயே இருப்பதால் அந்தக் குறை அங்கே உறைக்காது. பொபினிக் கடையொன்றின் கண்ணாடியில் ஒட்டும் எழுத்துக்குச் சந்தா கட்டத் தேவையில்லை.

ஒன்றாக்கிய பின் மூட்டுகளில் வேண்டாத புள்ளிகள் மிஞ்சும், இரண்டிலுமே. அவற்றைக் குறைக்க 'சிம்ப்ளிஃபை' கட்டளையை அழுத்தினால் மேல்விலங்கின் நுனி உருண்டுவிடும். பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாகக் கையால் நீக்குவதே நல்லது.