வில்லங்கம் அறிந்தவர்: சென்னையில் வீட்டுத் தரகின் வரலாறு

சென்னையில் வீடு வாங்க முனைபவர் விவரம் தெரிந்த தரகர் ஒருவரைத் தேடும்போது, உறவினர் சொல்லையோ அலுவலக நண்பர் சொல்லையோ நம்பித்தான் பெரும்பாலும் தேடுகிறார். மருத்துவரின் பட்டத்தையும் வழக்கறிஞரின் பதிவையும் கேட்டறிய வழியிருக்கும் சமூகத்தில், ஒருவரது வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கைமாற்றித் தரும் தொழிலுக்கு மட்டும் அப்படியொரு அளவுகோல் நெடுங்காலம் உருவாகவே இல்லை. இதற்குக் காரணம் தரகர்களின் குணக்கேடு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வரலாறு காட்டும் காரணம் வேறு. நிலத்தைப் பற்றிய அறிவு ஆட்களிடம் இருந்தபோது உருவான தொழில் இது. அந்த அறிவு காகிதத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும் ஆட்களை அறிவதையே தன் முதலாக வைத்துக்கொண்டது. காகிதம் அறிந்தவர்கள் தனித்தொழிலாகப் பிரிந்துபோனார்கள்.

தரகு என்பது தமிழகத்தில் மிகப் பழைய வருவாய் இனம். பல்லவர் செப்பேடுகளில் ஊரார் செலுத்த வேண்டிய இறைகளின் வரிசையில் தரகும் இடம்பெறுகிறது. எனினும் அது சரக்குகளின் மேல் எழுந்த தரகு என்றே கொள்ளத் தோன்றுகிறது. நில விற்பனையைப் பதிவு செய்த சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் விற்றவர், வாங்கியவர், நான்கெல்லை, விலைப்பொருள், சாட்சிகள், எழுதியவர் என அனைவரும் வருகின்றனரே தவிர, இடையில் நின்று முடித்துவைத்தவர் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. விற்பனை ஊர்ச்சபையின் அறிவோடு நடந்ததாலும், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட விற்கப்படுவது இன்னது என்பது ஊருக்கே தெரிந்திருந்ததாலும், மூன்றாமவர் ஒருவர் தெரிவிக்க வேண்டிய செய்தி அங்கே அதிகம் இருந்திருக்காது. தரகர் தேவைப்பட்டது சந்தையில். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகரின் முறை, சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாமல் காக்கும் முறையாகும்; அந்த மறைவைக் கட்டிக்காப்பதே அவர் கூலிக்குச் செய்த வேலையில் பாதி. ஊரறிய நடந்த நில விற்பனையும் துண்டுக்குள் நடந்த மாட்டு விற்பனையும் நெடுங்காலம் தனித்தனி உலகங்களாகவே இருந்தன.

அவை கலந்தது, வாங்குபவர் அந்நியராக வந்து இறங்கிய நகரத்தில். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்து உருவான சென்னைப் பட்டினத்தில், மொழியும் வழக்கமும் அறியாத ஐரோப்பியருக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர் துபாஷி. இரு மொழி அறிந்த இந்த இடையாளர் மொழிபெயர்ப்போடு நின்றவர் அல்லர். புதிதாகக் கப்பலிறங்கிய கம்பெனி ஊழியருக்கு வீடு, வேலையாட்கள், கடன் ஆகியவற்றை ஏற்பாடு செய்து தருவதும், ஒவ்வொன்றிலும் தஸ்தூரி எனப்பட்ட வழக்கமான பங்கை எடுத்துக்கொள்வதும் அவருடைய தொழிலாக இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் கோட்டையை விட்டு வெளியேறித் தோட்ட வீடுகளில் குடியேறத் தொடங்கியபோது, எந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று அறிந்திருந்த துபாஷியின் மதிப்பு மேலும் உயர்ந்தது. பச்சையப்ப முதலியாரைப் போல அறக்கொடையால் நினைக்கப்படுபவரும் இந்த வகுப்பினரே. அதிகாரிகளுக்கு நெருக்கமாக இருந்து, 1792இல் சதிக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்ட அவதானம் பாப்பையாவும் இந்த வகுப்பினரே. பின்னவர் பெயரில் சூளையில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. கட்சிக்காரர் அறியாத ஒன்றை அறிந்திருப்பதால் வரும் செல்வாக்கு இரு பக்கமும் திரும்பக்கூடியது என்பதற்கு இவ்விருவரையும் விடப் பொருத்தமான இணையை அந்த நூற்றாண்டில் காண்பது அரிது.

நகரைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுப் பகுதிக் கிராமங்களில் நிலைமை இன்னும் சிக்கலாக இருந்தது. அங்கே நிலம் பெரும்பாலும் காணியாட்சி என்றும், பின்னர் மிராசு என்றும் வழங்கிய பரம்பரைப் பங்குரிமையின் கீழ் இருந்தது. ஒரு பங்குக்காரர் தன் பங்கை வெளியாருக்கு விற்பது மற்றப் பங்குக்காரரின் இசைவையும் தொட்டது. இந்த உரிமையின் இயல்பைப் புரிந்துகொள்ள, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் தனியே ஒரு நூலை எழுத வேண்டியிருந்தது. 1818இல் அச்சான அந்நூல் இன்றும் நிலவரலாற்று ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. ரயத்துவாரி முறை வந்து, வரி செலுத்துபவர் பெயரில் பட்டா வழங்கப்பட்ட பின்னரும், எந்தப் புல எண் எந்தக் குடும்பத்தின் எந்தக் கிளைக்குப் போனது என்ற அறிவு ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் நினைவிலும் அவர் வீட்டுக் கட்டுகளிலும் தங்கியது. நிலம் வாங்க வந்த வெளியூரார் முதலில் தேடியது கர்ணத்தை அறிந்த ஒருவரைத்தான். கிராமப்புறத் தரகரின் மூலதனம் அந்த அறிமுகமே.

இந்த ஏற்பாட்டை அசைத்தது பதிவுச் சட்டம். 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆவணப் பதிவுத் துறை உருவாகி, பல திருத்தங்களுக்குப் பின் 1908ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. இடையே 1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் அசையாச் சொத்தைப் பதிவு பெற்ற கிரயப்பத்திரத்தின் மூலமே விற்க முடியும் என்று விதித்தது. ஊரார் நினைவில் இருந்த செய்தி இப்போது சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகத்தில் ஏறியது. அதைவிட முக்கியமாக, அசையாச் சொத்து ஆவணங்களுக்கான முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்திய எவரும் பார்வையிடலாம் என்று சட்டமே கூறியது. குறிப்பிட்ட காலத்தில் ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றைத் திரட்டித் தரும் வில்லங்கச் சான்று இந்த ஏற்பாட்டின் கனி.

ஆனால் வில்லங்கச் சான்று சொல்லாமல் விடுவதையும் அறிந்தவரே விவரம் தெரிந்தவர். பதிவுத் துறை ஆவணத்தைப் பதிகிறதே அன்றி, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறுவதில்லை. உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே தந்தை எழுதிவைத்த உயில் ஒன்று அலமாரியில் இருக்க, மகன் விற்றுவிட முடியும். இந்துக் கூட்டுக் குடும்பத்தில் வாய்மொழியாகவே பாகம் பிரிந்துகொள்ளலாம் என்பதால், பிரிவினை நடந்ததற்கும் நடக்காததற்கும் காகிதச் சுவடு இல்லாமலே போகலாம். சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் மூலப்பத்திரங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பதன் மூலமே அடமானம் ஏற்படுத்தலாம் என்று சொத்து மாற்றுச் சட்டம் இடம் கொடுத்தது. வணிகர்களின் வசதிக்காக வந்த இந்த முறையில், எழுத்தே இல்லாமல் பத்திரம் கைமாறியிருந்தால் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியும் இராது. விற்பவர் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் நகலை மட்டும் நீட்டினால், அனுபவமுள்ளவர் எழுந்துவிடுவது இதனால்தான். இவற்றுக்கு மேல், சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லைகள் பலமுறை பிரிக்கப்பட்டதால், இன்றைய அலுவலகத்தில் எடுத்த சான்று அந்த அலுவலகம் பிறந்ததற்கு முந்திய காலத்தைக் காட்டாது. பழைய தாய் அலுவலகம் எது என்று தெரிந்து அங்கேயும் தேட வேண்டும். ஒரே சொத்து ஒரு பத்திரத்தில் பழைய அளவை முறையான பைமாஷ் எண்ணாலும், அடுத்ததில் புல எண்ணாலும், அதற்கடுத்ததில் மாறிப்போன தெருப்பெயராலும் பழைய கதவெண்ணாலும் குறிக்கப்பட்டிருக்க, அவை அனைத்தும் ஒரே இடம்தான் என்று தொடர்புபடுத்துவது தனிக்கலை.

அந்தக் கலை தரகரிடம் சென்று சேரவில்லை என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். பதிவு அலுவலக வாசலில் பத்திர எழுத்தர் என்ற தொழிலாளர் கூட்டம் உருவானது. அவர்களுக்கு 1982இல் தமிழக அரசு தனி உரிம விதிகளையும் வகுத்தது. மூலப்பத்திரங்களைப் படித்துக் கருத்துரை தருவது வழக்கறிஞரின் வேலையானது. தரகர் கையில் மிஞ்சியது, யார் விற்க விரும்புகிறார், யாருக்கு அவசரம், எந்த விலைக்கு இறங்குவார் என்ற மனிதர்களைப் பற்றிய அறிவு. அதுவும் சிறிய அறிவன்று. ஆனால் வாங்குபவரை நட்டத்திலிருந்து காப்பது அந்த அறிவு மட்டுமே அன்று.

ஓரிடத்தில் மட்டும் இந்தக் குறை வெகுகாலம் உறைக்கவில்லை. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மயிலாப்பூரின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்ட பகுதியில் எழுந்த தியாகராய நகரும், பின்னர் வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகர் போன்ற பகுதிகளும், அரசே நிலத்தைக் கையகப்படுத்திப் பிரித்து விற்றவை. 2400 சதுர அடி கொண்ட கிரவுண்டு என்னும் அலகில் மனைகள் விற்கப்பட்டபோது, உரிமையின் தொடக்கம் ஒரே இடத்தில் இருந்ததால், ஆராய வேண்டிய பழங்கதை குறைவு. இத்தகைய மனைகளுக்கு இன்றும் சந்தையில் தனி மதிப்பு இருப்பதற்கு அகலமான தெருக்கள் மட்டும் காரணமல்ல. இந்தக் குறை உறைக்காத வேறொரு தருணமும் உண்டு. ஜப்பானியப் படையெடுப்பு அச்சத்தில் 1942இல் மக்கள் நகரை விட்டு வெளியேறியபோது பலர் வீடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றுச் சென்றனர் என்பது சென்னையின் நிலைத்த நினைவுகளுள் ஒன்று. விலையை அறிவதுதான் அத்தகைய காலத்தில் தரகரின் முழுத் தொழிலும்.

1970களுக்குப் பின் நகரம் விளைநிலங்களுக்குள் பரவியபோது குறை வெளிப்பட்டது. 1978ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் உபரியென்று அரசு எடுத்துக்கொண்ட நிலங்கள் பல, தரையில் பழைய உடைமையாளரிடமே கிடந்தன. அவற்றை மனைகளாக வாங்கிய நடுத்தர வர்க்கத்தினர் தாம் வாங்கியது அரசு நிலம் என்று ஆண்டுகள் கழித்தே அறிந்தனர். 1999இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னும் அந்தச் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டு, மாற்றலாகிச் செல்லும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சமூக நீதி நோக்கில் இது நியாயமான மாற்றமே. ஆனால் அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது ஏறிய பெயர்ப்பிழைகளையும் அளவுப்பிழைகளையும் ஊர் நினைவைக் கொண்டு திருத்தும் வழி குறுகிப்போனது. இதனிடையே திட்ட அனுமதி வழங்கும் அதிகாரம் இல்லாத ஊராட்சித் தலைவரின் கையொப்பம் பெற்ற மனைப்பிரிவுகள், பஞ்சாயத்து அப்ரூவல் என்ற கவர்ச்சியான பெயரில் புறநகரெங்கும் விற்பனையாயின. மஞ்சள் சாயம் பூசிய எல்லைக் கற்களையும், வேனில் இலவசமாக அழைத்துச் சென்று மதிய உணவு கொடுத்துக் காட்டிய தரகர்களையும் ஒரு தலைமுறையே அறியும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, அந்தக் கற்களுக்கு இடையே இருந்த நிலத்தை விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் எண்ணற்றோர் நின்றனர். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பின்பே வழி பிறந்தது. காட்டிய தரகர்களுள் பலர் ஏமாற்றவில்லை, அவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் அதிகம் கவலைக்குரியது.

தரகர் மேலிருந்த ஐயத்துக்கு நாளிதழ்களின் வரி விளம்பரங்களே சான்று: வீடு விற்பனைக்கு என்று தொடங்கி, தரகர்கள் அணுக வேண்டாம் என்று முடியும் வாசகம் பல பத்தாண்டுகள் அச்சேறியது. இருதரப்பிலும் தரகுத்தொகை பெறும் வழக்கமே இந்த ஐயத்தின் வேர். விற்பவரிடம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, வாங்குபவரிடமும் அவ்வாறே பெறுபவர், விலை குறைவதையும் உடன்பாடு முறிவதையும் எந்தத் தரப்புக்காகவும் விரும்ப முடியாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் முகவர் குறித்த அதிகாரம், முகவர் தம் தொழிலில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் திறனோடும் அக்கறையோடும் செயல்பட வேண்டும் என்றும், கட்சிக்காரர் அறியாமல் தம் சொந்த ஆதாயத்துக்காக அதே காரியத்தில் ஈடுபட்டால் கட்சிக்காரர் அதை மறுக்கலாம் என்றும் அன்றே கூறிவிட்டது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத, இடைநிற்பவர் யாருடைய முகவர் என்றே தெளிவில்லாத ஒரு தொழிலில் இந்தப் பிரிவுகளை வைத்து வழக்காடுவது எளிதன்று.

2016இல் இயற்றப்பட்டு, 2017 மே முதல் நாளில் முழுமையாக நடைமுறைக்கு வந்த மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டத்தின் கீழ் தரகரை முதன்முறையாக அந்தந்த மாநில ஆணையத்தின் பதிவேட்டில் ஏற்றியது. பதிவு எண் இல்லாமல் விற்பனைக்கு உதவக் கூடாது, பொய்யான வாக்குறுதி தரக் கூடாது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்க உதவ வேண்டும் என்று அது கடமைகளை வகுக்கிறது. இருப்பினும் பதிவு எண் ஒருவரின் முகவரியை உறுதிசெய்யுமே அல்லாமல், அவருக்குத் தாய்ப்பத்திரம் படிக்கத் தெரியுமா என்று சொல்லாது. மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது இந்தக் குறையை உணர்ந்துதான். மேலும், பதிவுக் கடமை எழுவது கட்டுநர் விற்கும், ஆணையத்தில் பதிவான திட்டங்களுக்கு மட்டுமே. அங்கே நிலத்தின் உரிமை ஆவணங்களும் அனுமதி விவரங்களும் ஏற்கெனவே ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் மாறிய கதவெண்ணும் குறுக்கிடக்கூடிய பழைய வீடுகளின் விற்பனையில், அதாவது அறிவு மிகுதியாக வேண்டப்படும் இடத்தில், தரகருக்குப் பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்க முடிகிற இக்காலத்திலும், மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ நாற்பது ஆண்டுப் பழைய வீடொன்றை வாங்குபவருக்கும் அவருடைய தரகருக்கும் இடையே சட்டமாக நிற்பது 1872இல் எழுதப்பட்ட அந்த முகவர் பிரிவுகள்தாம்.