சிறு நகரங்களும் பெரு நோயும்

1981-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவருக்குக் கண்ட அபூர்வமான நிமோனியாவைக் குறித்து அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட சிறு குறிப்பிலிருந்து எய்ட்ஸின் சரித்திரம் தொடங்குகிறதென்பதைச் சென்ற இதழில் கண்டோம். அதன்பின் பல வருஷங்கள் வரையில் ஆராய்ச்சியாளரின் கவனமெல்லாம் நியூயார்க், ஸான் பிரான்ஸிஸ்கோ ஆகிய மகாநகரங்களிலேயே நிலைத்திருந்தது. மரணம் அங்கேதான் கூட்டங் கூட்டமாக மனிதரைக் கொண்டுபோயிற்றாதலால் அதில் நியாயமும் உண்டு.

ஆயினும், நோயாளிகள் அரிதாகவே தென்பட்ட சிறு நகரங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு ஆடவரின் கதி என்னவென்று கேட்பவர் மிகச் சிலரே. மகாநகரத்தில் நண்பனின் சவ ஊர்வலமே உபதேசமாயிற்று. சிறு நகரத்திலோ அத்தகைய எச்சரிக்கையும் இல்லை, எச்சரிக்கை செய்யும் ஸ்தாபனங்களும் இல்லை. கிருமி உடலிற் புகுந்து பல வருஷங்கள் சென்ற பிறகே நோய் வெளிப்படுமாதலால், இன்றைய நோயாளிகளின் தொகை என்பது உண்மையில் என்றோ நிகழ்ந்த தொற்றின் கணக்கேயன்றி, இன்று பரவிக்கொண்டிருப்பதன் கணக்கன்று. குறைந்த எண்ணிக்கையை அபயமென்று கொண்டோர் இதை உணரவில்லை.

உணர்ந்தவர்களுள் முக்கியமானவர்கள் மிஸிஸிப்பி மாநிலத்து ஜாக்ஸன் நகரில் பணியாற்றிய மனோதத்துவ அறிஞர்களான ஜெஃப்ரி கெல்லியும் ஜேனட் செயின்ட் லாரன்ஸும் ஆவர். ஆடவர் இருவரின் உறவைக் குற்றமென்று சட்டமே விதித்திருந்த மாநிலம் அது. 2003-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரும்வரை அச்சட்டம் செயலிழக்கவுமில்லை. அத்தகைய இடத்தில் அரசாங்கத்தின் அறிவிப்புப் பலகையை யார் நம்பி நின்று வாசிப்பார்? ஆகவே அவர்கள், புதிய வழக்கமொன்று சமூகத்தில் வேரூன்றுவது செல்வாக்குள்ளோரின் முன்மாதிரியாலும் வாய்ச்சொல்லாலுமே என்று எவரெட் ரோஜர்ஸ் வகுத்த சித்தாந்தத்தைக் கைக்கொண்டு, கடற்கரை நகரமான பிலக்ஸியில் தன்பாலீர்ப்பு ஆடவர் கூடும் மதுக்கூடங்களுக்குச் சென்றார்கள்.

அங்கே மது பரிமாறும் பணியாளர்களையே கண்காணிப்பாளராக்கி, வருவோரில் யாரைச் சுற்றி நண்பர்கள் கூடுகிறார்கள், யாருடைய அபிப்பிராயத்துக்கு மதிப்பு இருக்கிறது என்பதைக் கவனிக்கச் செய்தனர். இவ்விதம் அறியப்பட்டவர்களில் 43 பேர் பயிற்சி பெற்று, ஆணுறையின் அவசியத்தைத் தம் தோழர்களிடம் சாதாரண சம்பாஷணையிலேயே எடுத்துரைத்தார்கள். சட்டையில் போக்குவரத்து விளக்குச் சின்னம் பொறித்த வில்லையை அவர்கள் அணிந்திருந்தமையால், அது என்னவென்று எவரேனும் வினவுவர். பேச்சும் தானே தொடங்கிவிடும். பாவமென்றும் தண்டனையென்றும் தூற்றப்பட்டவரிடம் அன்போடு பேச உரிமை பெற்றவர் அவர்தம் நண்பரே என்பதைக் கண்டறிந்த இந்தப் பண்பை, வைத்திய சாஸ்திரத்தின் எந்தச் சாதனைக்கும் குறைந்ததாக நான் கருதமாட்டேன்.

1991-இல் வெளியான முடிவு இது: இரண்டு மாத காலத்தில் ஆணுறையின்றிக் குதவழி உறவு கொண்டோர் பிலக்ஸியில் 36.9 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாகக் குறைந்தனர். ஒப்பிடுவதற்கென எடுத்துக்கொண்ட ஹாட்டிஸ்பர்க், மன்றோ நகரங்களில் மாற்றம் ஏறக்குறைய இல்லை. பின்னர் இதே முறை அவ்விரண்டிலும் கையாளப்பட்டபோது அங்கும் ஆபத்தான நடத்தை குறைந்தது. சிறு நகரங்கள் எட்டில் நடந்த பெரிய பரிசோதனையின் அனுகூலமான முடிவை 1997-இல் ‘லான்செட்’ சஞ்சிகை வெளியிட்டது.

எல்லா இடத்திலும் இம்முறை வெற்றி பெற்றதென்று சொல்வதற்கில்லை. லண்டன் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கிளாஸ்கோ மதுக்கூடங்களிலும் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இந்தியா உட்பட ஐந்து தேசங்களில், வேறு வகை மக்களிடையே நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தபோது, பயிற்சி நடந்த இடங்களிலும் நடவாத இடங்களிலும் ஆபத்து ஒருசேரக் குறைந்திருந்தது. ஆலோசனையும் பரிசோதனையும் இரு சாராருக்குமே அளிக்கப்பட்டிருந்தது இதற்குக் காரணமாகலாம். அந்தச் சோதனையின் இந்தியக் களம் நம் சென்னைப் பட்டணத்து ஒயின் ஷாப்புகள். அவ்வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.