எதிரில் ஆள் இல்லாமல் கற்க முடியாத கலை... பிலிப்பைன்ஸ் அர்னிஸில் பயிற்சி ஜோடி கிடைப்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

இரண்டு பிரம்புக் குச்சி, கை வீசிச் சுழற்றக் கொஞ்சம் இடம். பிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலையைத் தொடங்க இது போதும்னு தோணும். வீடியோக்களும் அப்படித்தான் நம்ப வைக்கின்றன. ஒருத்தர் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையிலும் குச்சியைச் சுழற்றுவார், பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் ஆறு மாதம் இப்படித் தனியாகவே சுழற்றிய ஒருவரை, நிஜமாக அடி வீசும் ஓர் ஆள் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலும் முதல் அடியே விரல் மேல் விழும்.

காரணம், இந்தக் கலையின் பாடம் எதிரில் நிற்பவரிடம் இருக்கிறது. அவர் கையை ஓங்கும் வேகம், அவர் நிற்கும் தூரம், அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது... இதையெல்லாம் கண்ணாடி சொல்லித் தராது. அதனால்தான் இதைக் கற்க நினைக்கும் யாருக்கும் முதல் கேள்வி 'எந்தக் குச்சி வாங்கலாம்?' என்பதல்ல, 'யாரோடு பயிற்சி செய்வது?' என்பதுதான். அந்த ஆளைத் தேடிய கதை செபு தீவில் ஆரம்பித்து கலிஃபோர்னியா வரை நீள்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

அதென்ன அர்னிஸ், எஸ்கிரிமா, காலி?

மூன்றுமே கிட்டத்தட்ட ஒரே குடும்பத்தின் பெயர்கள்தான். 'அர்னிஸ்' ஸ்பானிஷ் மொழியில் கவசத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், 'எஸ்கிரிமா' வாள்வீச்சைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை. 'காலி' என்ற பெயர் அமெரிக்காவில்தான் அதிகம் புழங்குகிறது. பெயரைப் பார்த்து நம்ம காளியோடு முடிச்சுப் போட வேண்டாம்!

சிலம்பம் பார்த்துப் பழகியவர்கள் அந்த நீளக் கம்பை மனசில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. இங்கே குச்சியின் நீளம் சுமார் 28 அங்குலம்தான். அதாவது, எதிராளியின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நடக்கிற சண்டை. குச்சியோடு கத்தியும் வெறுங்கையும் இதில் உண்டு.

2009 டிசம்பரில் அன்றைய அதிபர் குளோரியா மகபகல் அரோயோ கையெழுத்திட்ட குடியரசுச் சட்டம் எண் 9850 மூலம், அர்னிஸ் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே பள்ளி மாணவர்களே உடற்கல்வி வகுப்பில் இதைப் பழகுகிறார்கள். பக்கத்து பெஞ்சு பையனே ஜோடி, தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் பள்ளிக்கு வெளியேதான்.

தனியாப் பழகினால் என்ன குறைந்துவிடும்?

தனியாகவும் பழகலாம், தப்பில்லை. பல பிரிவுகளில் அடிகளுக்கு 12 கோணங்கள் வரை எண் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வீச்சுகளையும் கால் நகர்த்துவதையும் தனியாகவே மெருகேற்றலாம். பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் டயர் திருப்பி அடிக்காது.

இந்தக் கலையின் முக்கியமான பயிற்சிகள் எல்லாம் இரண்டு பேருக்காகவே உருவானவை. 'சினவாலி' என்று ஒன்று. இருவரும் இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு, ஒரே தாளத்தில் மேலும் கீழும் மாற்றி மாற்றி மோத வேண்டும். மூங்கில் பட்டையில் முடையும் பாய்க்கு அங்கே 'சவாலி' என்று பெயர், அதிலிருந்து வந்த சொல் இது. தென்னங்கீற்று முடைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் சட்டெனப் புரியும். ஒரு ஓலையை மட்டும் வைத்துக்கொண்டு கீற்று முடைய முடியாது இல்லையா?

இன்னொன்று 'ஹுபுட்-லுபுட்'. எதிராளியின் கையைத் தடுத்து, பிடித்து, திசை மாற்றிவிடும் பயிற்சி. இருவரும் கை மாற்றி மாற்றித் தொடர்ந்து செய்வார்கள். அவிழ்ப்பது, கட்டுவது என்ற பொருளில் விளக்குவார்கள். தமிழில் 'கட்டு-அவிழ்' என்று அழகாகவே சொல்லிவிடலாம். இதில் கண்ணைவிடத் தோலுக்குத்தான் வேலை. எதிராளியின் முழங்கை இறுகுகிறதா தளர்கிறதா என்பதைத் தொட்டே உணர வேண்டும். தொடுவதற்கு ஆள் இல்லையென்றால் இந்தப் பாடமே இல்லை.

இதில் அடி கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் 'ஃபீடர்' என்று பெயர். ஊட்டுபவர்! வாங்குபவரைவிட ஊட்டுபவர்தான் முக்கியம் என்பது பலருக்கும் லேட்டாகத்தான் புரிகிறது. மோசமான ஃபீடர் எப்படி இருப்பார்? அவர் உங்கள் தலையைக் குறிவைக்க மாட்டார், உங்கள் குச்சியைக் குறிவைப்பார். சத்தம் 'டக் டக்'கென்று நன்றாகக் கேட்கும், இருவருக்கும் சந்தோஷம். ஆனால் நீங்கள் தடுக்காமல் விட்டாலும் அந்த அடி உங்கள் மேல் படாது, ஒரு அடி தள்ளியே போகும். இப்படி ஒரு வருஷம் பழகினால், வராத அடியைத் தடுக்கத்தான் உங்கள் உடம்பு கற்றிருக்கும். நல்ல ஃபீடர் மெதுவாகவே வீசுவார், ஆனால் சரியான தூரத்தில், சரியான இலக்கை நோக்கி வீசுவார். நீங்கள் தவறவிட்டால், தோலைத் தொடும் முன் நிறுத்துவார்.

கையில் அடித்தால் ஆள் ஓடிவிடுவான்!

பயிற்சி ஜோடியைத் தக்கவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ரெமி பிரெசாஸின் கதையே போதும். நீக்ரோஸ் தீவைச் சேர்ந்த இவர் 'மாடர்ன் அர்னிஸ்' முறையை உருவாக்கியவர். பழைய முறையில் எதிராளியின் ஆயுதம் பிடித்த கையைக் குறிவைத்து அடிப்பதுதான் அடிப்படை உத்தி. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதைச் சொல்வார்கள். சண்டைக்கு இது புத்திசாலித்தனம், பயிற்சிக்கு? புதிதாக வந்தவர்கள் விரல் வீங்கி வீட்டுக்குப் போனார்கள், பலர் திரும்பி வரவே இல்லை.

பிரெசாஸ் செய்த மாற்றம் கேட்க ரொம்பச் சாதாரணமானது. பயிற்சியில் கையை அடிக்க வேண்டாம், குச்சியை அடியுங்கள் என்றார். மேலே சொன்ன 'குச்சியைக் குறிவைக்கும்' தவறு உருவாகும் ஆபத்து இதில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஆள் தங்கினால்தானே அந்தத் தவறைத் திருத்தவாவது முடியும்? பிலிப்பைன்ஸ் பள்ளிகளிலும், பிறகு 1970களில் அவர் அமெரிக்கா போனபின் ஊர் ஊராக நடத்திய முகாம்களிலும் இந்த முறைதான் ஆட்களைச் சேர்த்தது. 2001-ல் அவர் இறந்தபோது மாடர்ன் அர்னிஸ் பல நாடுகளுக்குப் பரவியிருந்தது.

செபு: போட்டியாளர்களே கூட்டாளிகள்

பிலிப்பைன்ஸின் செபு நகரில் 1932-ல் தொடங்கப்பட்டது 'டோசே பாரெஸ்' சங்கம். கன்யெத்தே, சாவேத்ரா குடும்பத்தினர் இதன் தூண்கள். வீட்டுக்குள், குடும்பத்துக்குள் பழகிவந்த கலைக்கு இப்படி ஒரு கூரை கிடைத்தது. 2016-ல் 96 வயதில் காலமான சிரியாகோ 'ககோய்' கன்யெத்தே இந்தச் சங்கத்தின் மிகப் பிரபலமான முகம்.

இதிலிருந்து பிரிந்த வெனான்சியோ 'அன்சியோங்' பகோன் 1952-ல் தனியாக ஒரு குழு ஆரம்பித்தார். இடம்? பலின்தவாக் என்ற சிறிய தெருவில், மாணவர் ஒருவரின் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்புறம். அந்தத் தெருவின் பெயரே 'பலின்தவாக்' என்று ஒரு பிரிவின் பெயராக நிலைத்துவிட்டது. இங்கே ஒற்றைக் குச்சிதான். ஆசிரியரே மாணவனுக்கு எதிரில் நின்று, அவன் திணறும் எல்லை வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். 'அகாக்' என்ற இந்த முறையில் ஆசிரியரும் ஃபீடரும் ஒருவரே. தரம் உச்சம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மாணவன்தான்.

இரண்டு தரப்புக்கும் பல வருஷம் உரசல், சவால், நேரடி மோதல். இந்தப் போட்டி மனப்பான்மையின் மிச்சம் இன்றும் சில இடங்களில் உண்டு. 'இங்கே பழகினால் அங்கே போகக் கூடாது' என்பார்கள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே ஆள் பஞ்சம் உள்ள கலைக்கு இது கட்டுப்படி ஆகாத கௌரவம். கவசமும் ஹெல்மெட்டும் அணிந்து, பல சங்கத்தாரும் ஒரே களத்தில் மோதும் உலகப் போட்டி 1989-ல் செபுவிலேயே நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஸ்டாக்டன்: சொல்லிக்கொடுக்கப் பிள்ளை இல்லாத அண்ணன்கள்

இந்தக் கதையில் மனதைத் தொடும் பகுதி அமெரிக்காவில் நடந்தது. 1920களிலும் 30களிலும் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் கலிஃபோர்னியாவின் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். ஸ்டாக்டன் நகரைச் சுற்றி தண்ணீர்விட்டான் குருத்து அறுவடைதான் பலருக்கும் பிழைப்பு. இவர்களை 'மனோங்' என்பார்கள். இலொக்கானோ மொழியில் அண்ணன் என்று அர்த்தம்.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். 1933-ல் கலிஃபோர்னியா, வெள்ளையினப் பெண்களை இவர்கள் மணப்பதைச் சட்டப்படி தடை செய்தது. 1948 வரை அந்தத் தடை நீடித்தது. 1934-ன் இன்னொரு சட்டம், பிலிப்பைன்ஸிலிருந்து வருடத்துக்கு 50 பேர் மட்டுமே குடியேறலாம் என்று கதவைச் சாத்தியது. விளைவு, பல மனோங்குகள் கல்யாணமே ஆகாமல் முதுமையை எட்டினார்கள். குடும்பத்துக்குள்ளேயே கைமாற்ற வேண்டிய கலை, ஆனால் கைமாற்றக் குடும்பம் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஏஞ்சல் கபாலெஸ். நண்பர் மேக்ஸ் சார்மியென்டோவின் தூண்டுதலில் 1966-ல் ஸ்டாக்டனில் பொதுமக்களுக்கான எஸ்கிரிமா பள்ளியைத் திறந்தார். அமெரிக்காவில் இப்படித் திறந்த முதல் பள்ளி அதுதான் என்று சொல்லப்படுகிறது. ரகசியத்தை ஊருக்கே திறந்துவிட்டார் என்று சக பிலிப்பைன்ஸ்காரர்களே முணுமுணுத்தார்கள்.

அதே ஸ்டாக்டனில் 1936-ல் பிறந்தவர் டான் இனோசாண்டோ. புரூஸ் லீயின் மாணவர், பயிற்சித் தோழர். 1978-ல் வெளியான 'கேம் ஆஃப் டெத்' படத்தில் இரண்டு குச்சியோடு புரூஸ் லீயிடம் மோதுவாரே, அவரேதான். கராத்தே கற்றுத் தேறிய பிறகுதான் இவர் சொந்த ஊர் மனோங்குகள் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் தெருவில் பார்த்த பெரியவர்களே ஆசான்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கபாலெஸ், ஜான் லகோஸ்டே எனப் பலரிடம் கற்றார், கற்றதை யார் வந்தாலும் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகின் பல ஊர்களில் 'காலி' வகுப்பு இருப்பதற்கு அவருடைய மாணவர் சங்கிலி ஒரு பெரிய காரணம்.

சரி, இன்றைக்கு எங்கே தேடுவது?

மணிலாவில் இருப்பவருக்கு விடை சுலபம். ஞாயிறு காலை ரிஸால் பூங்காவுக்குப் போனால் போதும். 'லுனேட்டா' என்று உள்ளூரில் அழைக்கும் அந்தப் பூங்காவில் மரத்தடிக் குழுக்கள் பல காலமாகப் பயிற்சி செய்கின்றன. மறைந்த மாஸ்டர் டோனி டியேகோவின் காலிஸ் இலுஸ்த்ரிசிமோ குழுவும் அங்கே பழகியதுதான்.

வெளிநாடுகளில் 'அர்னிஸ்' என்று போர்டு வைத்த இடத்தை மட்டும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இனோசாண்டோ வழி வந்ததால், புரூஸ் லீயின் ஜீத் குன் டோ சொல்லித்தரும் பள்ளிகளில் வாரம் ஒருநாள் குச்சி வகுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கேட்டால்தான் தெரியும். மற்றபடி கார் ஷெட், வீட்டுப் பின்கட்டு, பூங்கா மூலை என்று நாலு பேர் குழுக்கள்தான் இந்தக் கலையின் நிஜமான முகவரி. வார இறுதிப் பயிற்சி முகாம்கள் அவர்களைச் சந்திக்க நல்ல இடம். அங்கே ஜோடி மாறிக்கொண்டே இருக்கும், ஒரே நாளில் பத்துப் பேரோடு கை கலக்கலாம். அதில் உங்களுக்கு ஒத்துவரும் இரண்டு பேரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தால், போன காரியம் பாதி முடிந்தது.

யாரும் கிடைக்கவில்லையா? நண்பரோ தங்கையோ, ஒருவரை ஃபீடராகப் பழக்குங்கள். அவர் கலை கற்க வேண்டியதில்லை, முதல் ஐந்து கோணங்களை மெதுவாக, சரியான தூரத்தில் வீசத் தெரிந்தால் போதும்.

ஜோடி சரியா என்று எப்படித் தெரியும்?

பயிற்சிக்கு முன் இருவரும் எதிரெதிரே நின்று வணக்கம் செய்வார்கள், 'புகாய்' என்று பெயர். அதை அலட்சியமாகச் செய்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. 'மெதுவா' என்று சொன்ன பிறகும் வேகத்தைக் கூட்டுபவர், கண் கவசம் போடுவதைக் கிண்டல் செய்பவர், தான் மட்டும் அடித்துக்கொண்டே இருப்பவர்... முதல் நாளே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

முழு வேக மோதலை விரும்புகிறவர்களிடமும் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. 1980களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் உருவான 'டாக் பிரதர்ஸ்' குழு, வாள்வீச்சு முகமூடி, மெல்லிய கையுறை மட்டும் போட்டு நிஜக் குச்சியால் மோதுவதற்குப் பெயர்போனது. நடுவர் கிடையாது, கோப்பை கிடையாது. நாள் முடியும்போது எல்லாரும் நண்பர்களாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் முக்கிய விதி.

குச்சி விஷயத்தில் ஒன்று மட்டும். பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும், மூங்கில் மாதிரி கூரான சிலாம்பாகப் பிளக்காது. கமகோங் போன்ற கனத்த மரக் குச்சிகள் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அவை தனிப் பயிற்சிக்கு மட்டுமே, ஜோடியோடு வேண்டவே வேண்டாம். கத்திப் பயிற்சிக்கு ரப்பர் அல்லது மரக் கத்திதான்.

முதல் நாள் போகும்போது கூடுதலாக ஒரு ஜோடி பிரம்பு எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் ஒருவர் அநேகமாக எல்லாப் பூங்காவிலும் இருப்பார்.