கை மறக்கவில்லை

மறதி என்றால் நம் கதாசிரியர்களுக்குக் கொண்டாட்டம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற தாத்தாவை வைத்து எத்தனையோ கதைகள் எழுதியாகிவிட்டது. ஹென்றி மொலேஸனின் மறதி அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல.

1926-ல் பிறந்த அமெரிக்கர் அவர். சிறு பிராயத்திலேயே காக்காய் வலிப்பு பிடித்துக்கொண்டது. வயது ஏற ஏற அதுவும் ஏறியது, மருந்துகள் கேட்கவில்லை. 1953-ல், ஹார்ட்போர்டு நகரத்தில், வில்லியம் ஸ்கோவில் என்ற ரண சிகிச்சை நிபுணர் அவருடைய மண்டையில் இரண்டு துளைகள் போட்டு, மூளையின் இரு பக்கங்களிலும் உட்புறமாக ஒரு பகுதியை எடுத்துவிட்டார். 'ஹிப்போகாம்பஸ்' என்று ஓர் உறுப்பு உண்டு. கடற்குதிரைபோல் வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அதன் பெரும் பகுதியும் கூடவே போயிற்று.

வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக நடப்பது எதுவும் ஹென்றியின் மனத்தில் தங்கவில்லை. பேச்சு இருந்தது, புத்தி இருந்தது, பிள்ளைப் பிராயத்துச் சங்கதிகள் இருந்தன. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் மட்டும், அந்நியர்!

அவரைப் பரிசோதிக்க மான்ட்ரியாலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற மனத்தத்துவ ஆராய்ச்சியாளர் வந்தார். ஒவ்வொரு தடவையும் தாம் யார் என்று சொல்லியே ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை, இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்றைக் கொடுத்து, அந்தக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். கையை நேராகப் பார்க்கக் கூடாது; எதிரே உள்ள கண்ணாடியில்தான் பார்க்கலாம். வீட்டில் செய்து பாருங்கள், பென்சில் படுத்துகிற பாடு தெரியும். மூன்று நாட்களில் 30 தடவை. கடைசி நாள் ஹென்றியின் கை தடுமாறாமல் ஓடியது. அவருக்கோ இதற்கு முன் அந்த நட்சத்திரத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று அவரே வியந்தாராம்.

மனிதன் மறந்ததைக் கை மறக்கவில்லை. நடந்ததைப் பதித்துக்கொள்ளும் நரம்பு வழி ஒன்று. உடம்பின் பழக்கத்தைப் பதித்துக்கொள்ளும் வழி இன்னொன்று. இந்த இரண்டாவது வழி மூளையின் அடியிலுள்ள நரம்புத் திரள்கள், சிறுமூளை இவற்றைச் சார்ந்தது. நம்மில் யாருக்கு முதல் அடி வைத்த நாள் நினைவிருக்கிறது? நடை மட்டும் நிலைத்துவிட்டது. ஹிப்போகாம்பஸ் பிறந்த பிறகும் சில வருஷங்கள் வளர்ந்துதான் முதிர்கிறது என்பதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

1957-ல் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் வெறும் 'எச். எம்.' இரு பக்கமும் எடுக்க வேண்டாமென்று ஸ்கோவிலே மற்ற வைத்தியர்களை எச்சரித்தார். அவரைக் கொடியவராக்கினால் கதை சுவைக்கும். எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், விளைவு தெரியாத இடத்தில் கை வைத்தார் என்பதை எப்படி மறைப்பது? பிறகு சுமார் ஐம்பது வருஷம் ஹென்றி எல்லாச் சோதனைகளுக்கும் இணங்கினார். முந்தைய தடவை இணங்கியது அவருக்குத் தெரியாது. அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

2008 டிசம்பரில், 82-வது வயதில், அவர் காலமான பிறகே முழுப் பெயர் உலகத்துக்கு வெளியாயிற்று. மறு வருஷம் சான் டியாகோவில் அவர் மூளையை 2,401 மெல்லிய ஏடுகளாகச் சீவிப் பாதுகாத்து வைத்தார்கள்.